நங்கை ஏரிக்கரைக்கு விடைமுழவு

நீர் நிறைக! நெல் பொலிக! பெருவேய் நாட்டை ஆளும் கோமகள் ஆழிநங்கை மாதேவியாகிய நாம், எம் பிறந்த நாடாகிய வெண்ணாவல் நாட்டு முதலமைச்சர் இரும்பூர் கிழார் நெடுங்கண்ணனார்க்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டைக்கும் குடிகளுக்கும் ஆநிரைக்கும் நலமே உண்டாகுக.

உம் ஓலை கண்டோம். எம் பெயரால் எழுந்த நங்கை ஏரி உடைந்து, கரைமண் இறுகக் காலால் மிதித்துக்கொண்டிருந்தோர் அனைவரும் மண்ணோடு போன நாள்முதல், உம் மன்னனாகிய எம் தம்பி இளஞ்சேந்தன் கண்மூடி அமர இயலாமல் தவித்தான். தியானத்தில் அமராத மன்னன் தீர்ப்புரைக்கலாகாது என்னும் மரபால் வழக்குகளும் தேங்கின. மனத்தைக் கட்டிப் பிடிக்க வேண்டா, ஓசையின் பின்னே நடக்கவிட்டால் அதுவே அடங்கும் என்று முழவன் கூத்தன் சொன்னதில் பிழையில்லை. கொட்டுக்கேற்ப மூச்சு இழைய, தம்பியின் முகம் குழந்தை முகமாய்த் தெளிந்ததாம். அதுவரை படித்து மகிழ்ந்தோம்.

ஆனால் எத்தனையோ தாளம் இருக்க, கரை மிதிப்போர்க்குக் கொட்டும் தாளத்தையா எடுக்கச் சொன்னீர்? எவர் காலுக்கும் எளிது என்று காரணம் வேறு எழுதுகிறீர். உம் அறிவு எங்கே மேயப் போயிற்று, அமைச்சரே? வேலை முடிந்தது, வீடு செல்க என விடைகொடுக்கும் விடைமுழவு கேளாமல் மிதிப்போர் எவரும் கரையை விட்டு இறங்குவதில்லை. அன்று அதைக் கொட்டுமுன் வெள்ளம் வந்துவிட்டது. அவர்கள் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடையே நீர் எம் தம்பியை அனுப்பிவிட்டீர்.

முழவு நின்ற பின்னும் அரண்மனைத் தளம் அதிர்கிறது என்றீர். அவன் கண் திறவாமல், உண்ணாமல், பாதத்தால் மட்டும் மிதிக்கிறான் என்றும், வெளியே போகாத அப்பாதத்தில் ஈரமண் ஒட்டியிருக்கிறது என்றும் எழுதினீர். அவ்வரியைப் படிக்கக் கேட்ட எம் தோழியின் கால் மிதித்தது. இதைச் சொல்லும் எம் காலும் இப்போது மிதிக்கிறது. எழுதுகிறவன் காலும் நிற்கவில்லை, எழுத்துக் கோணினால் பொறுத்தருள்க. எமக்கு அச்சமாயிருக்கிறது.

கரை எவர் பெயரால் எழுந்ததோ அவர் சொல்லின்றி விடைமுழவு கொட்டலாகாது என்பதால் எம் சொல் வேண்டினீர். கொட்டினால் மிதிப்போர் யாவரும் வீடு திரும்புவர். தம்பி நம்மிடம் திரும்புவானோ, அவர்களோடு போய்விடுவானோ, கூத்தனும் அறியான் என்கிறீர். தாயில்லாத அவனை எம் இடுப்பில் சுமந்து வளர்த்தோம். வேண்டா என்று சொல்லவே நாவெழுகிறது. ஆனால் அங்கே மிதித்துக் களைத்திருப்போரும் யாரோ ஒருத்தியின் தம்பிமார் அல்லரோ?

ஆகவே இவ்வோலை கண்ட பொழுதே, கூத்தனை உடைந்த கரையில் நிறுத்தி, எம் பெயர் சொல்லி, விடைமுழவு கொட்டுவிக்க. அப்போது நீர் மன்னன் அருகே அமர்ந்து அவன் கையைப் பற்றியிருப்பீராக; இழுக்க வேண்டா. இது எம் ஆணை. மூங்கில் முத்திரை இட்டோம். அவன் கண் திறந்தால் சோறூட்டுக. திறவாவிடில் அந்தப் பாதத்து மண்ணை எவரும் கழுவலாகாது. நாம் வந்து கழுவுவோம்.