திருக்கைத் தொட்டியில் ஒரு செப்புத் தகடு

சேக்காடு, ஆவடி
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்புள்ள மாமாவுக்கு,

பானு எழுதுவது. நான் இங்கே நலம். மஸ்கட் வெயிலில் ஊரார் வீட்டுக்கெல்லாம் ஏசி மாட்டிக்கொண்டிருக்கும் நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் திருக்கை மீன்களைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். நேராக அங்கே தாவாமல் ஒழுங்காக முதலிலிருந்து படியுங்கள்.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். எங்கே பேசுகிறோம்? உங்கள் ரூமில் ஆறு பேர் படுத்திருக்கிறார்கள். நீங்கள் சாப்பிட்டாயா என்கிறீர்கள், மீன் சாப்பிட்டதா என்கிறீர்கள், அதற்குள் நெட் போய்விடுகிறது. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடட்டுமா என்றீர்கள். உங்கள் இஷ்டம் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு என் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. அம்பத்தூர் வினோத் லீவு முடிந்து புதன்கிழமை கிளம்புகிறார். கருவாட்டோடும் பூண்டு ஊறுகாயோடும் இதையும் அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பாத்ரூமுக்குள் போய் நின்றாவது தனியாகப் படியுங்கள்.

இப்போது தொட்டி விஷயம். நீங்கள் கொளத்தூரிலிருந்து வாங்கி வந்தபோது டீ சாஸர் அளவுதான் இருந்தன. இப்போது பெரியது தோசைக்கல் அளவு. சின்னதும் சளைத்ததில்லை. அந்தக் கண்ணாடித் தொட்டியில் திரும்ப இடமில்லாமல் மூலையிலேயே மூக்கை உரசிக்கொண்டு கிடந்தன. விற்றுவிடு என்றீர்கள். எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் விட்டுவிட்டுப் போனதில் உயிரோடு இருப்பது அவை இரண்டும் நானும்தான். காட்டுப்பாக்கத்திலிருந்து வந்த அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, மஞ்சத்தூள் போட்டுப் புட்டு செஞ்சா ஊடே மணக்கும், இதுக்குப் போய் எறா வாங்கிப் போட்டுக்கினு கீறே" என்று தலையில் அடித்துக்கொண்டார். உங்களைப் பெற்றவர் என்பதால் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

வீடியோ காலில் பாதிதான் காட்டினேன், மீதியைக் கேளுங்கள். படுக்கை அறையில் ஜன்னல் பக்கம் முழுக்க இப்போது தொட்டிதான். கட்டிலைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் சாத்தி வைத்துவிட்டேன், ஒருத்திக்குப் பாய் போதும். கொத்தனார் வேம்புலி அண்ணன் கல்லை அடுக்கும்போது, "படுக்குற ரூம்ல யாராச்சும் தொட்டி கட்டுவாங்களாமா? தினா வந்து பார்த்தா என்னைத்தான் ஒதைப்பான்" என்று முனகிக்கொண்டே இருந்தார். அவர் முதலில் வரட்டும், உதை வாங்கித் தருவது என் பொறுப்பு என்றேன்.

கண்ணாடியில் செய்தால் நம் வீட்டையே விற்க வேண்டும். அதனால் சாலிட் பிளாக்கை இடுப்பு உயரத்துக்கு நான்கு பக்கமும் கட்டி, உள்ளே தெர்மாகோல் வைத்து, அதன் மேல் பழைய பேனர் துணியை விரித்து, எல்லாவற்றுக்கும் மேலே பண்ணைக்குட்டைக்குப் போடுகிற கறுப்பு ஷீட்டைப் போட்டிருக்கிறோம். பேனர் பக்கத்துத் தெருப் பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அடித்தது. அந்தப் பெண் உங்கள் மீன்களுக்கு அடியில் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவள் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஃபில்டருக்கு நீல டிரம். அதற்குள் ஸ்பாஞ்சும் பாத்திரம் தேய்க்கிற பிளாஸ்டிக் நாரும் திணித்திருக்கிறது. கரண்ட் போனால் காற்று வர ஒரு பழைய பேட்டரியும் உண்டு. இதெல்லாம் உங்கள் சினேகிதர் பூந்தமல்லி பைசல் சொல்லித்தந்தது. அடியில் எம்-சாண்ட் மணல் போட்டால் மீனின் வயிற்றைக் கிழித்துவிடும், தரையை வெறுமனே விடுங்கள் என்றார். பிளீச்சிங் வாடை போகாமல் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள் என்றார். ஃபில்டர் பழக வேண்டும் என்று, மீனை விடுவதற்கு முன்னால் வாரக்கணக்கில் வெறும் தண்ணீரை ஓடவைத்தோம். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் ஒன்றுமில்லாத தொட்டியைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு அந்தத் தண்ணீர் ஓடுவது பிடித்திருந்தது மாமா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து வந்து கதவைத் திறந்தால், முன்பெல்லாம் வீடு அப்படியே கிடக்கும். காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கும். இப்போது தண்ணீர் விழுகிற சத்தமாவது கேட்கிறது. தட்டைப் போட்டுக்கொண்டு தொட்டி ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். என்னைப் பார்த்ததும் இரண்டும் சுவரோரம் ஏறி வந்து தண்ணீரைத் தட்டும். கம்பெனியில் சூப்பர்வைசர் கத்தியதை அவற்றிடம்தான் சொல்கிறேன். கல்யாணமானதிலிருந்து நாம் ஒன்றாக இருந்த நாளைவிட இவற்றோடு நான் இருந்த நாள்தான் அதிகம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன், பதறாதீர்கள்.

அத்தை குமணன்சாவடிப் பக்கம் யாரோ தகடு எழுதித் தருகிறார் என்று கேள்விப்பட்டு, போய் ஒன்று வாங்கி வந்தார். செப்புத் தகடு, உள்ளங்கை அளவு. கடல் தாண்டிப் போனவர் திரும்பி வர, அது வீட்டுத் தண்ணீரிலேயே கிடக்க வேண்டுமாம். அவர் வந்து வாசலில் கால் வைக்கிறவரைக்கும் எடுக்கக் கூடாதாம். அத்தை தரைக்கடித் தண்ணீர் சம்ப்பில் போடச் சொன்னார். நான்தான் கெட்டிக்காரி ஆயிற்றே. உங்கள் உயிரெல்லாம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டு, நூலில் கட்டி, நீல டிரம்முக்குள் இறக்கிவிட்டேன். செம்பு ஆகாது என்று பைசல் ஒருநாளும் சொன்னதில்லை. தொட்டித் தண்ணீரில் யார் செம்பைப் போடுவார்கள் என்று நினைத்திருப்பார்.

கொஞ்ச நாளில் பெரியது இறாலைத் தொடவில்லை. அப்புறம் சின்னதும். பெரியதற்கு எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஓரமெல்லாம் மேலே மடங்க ஆரம்பித்தது. வியாழக்கிழமை அதைப் பார்த்துவிட்டு பைசலுக்குப் போன் செய்தேன். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். பம்பைப் பார்த்தார், தண்ணீரை மோந்து பார்த்தார், கடைசியில் டிரம்மின் மூடியைத் திறந்து நூலைப் பிடித்து இழுத்தார். தகடு பாதி வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இன்னா அண்ணி இது? செம்பு இதுங்களுக்கு வெசம் அண்ணி" என்றார். அதில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் மந்திரத் தகடு என்று புரிந்துகொண்டார் போல. அதை உள்ளேயே விட்டுவிட்டு, நீங்களே எடுங்கள் என்று சொல்லி வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

அத்தைக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எடுக்காதேடி, எடுத்தா அவன் அங்கயே தங்கிடுவான். மீனு போனா இன்னா, வேற வாங்கிக்கலாம்" என்று அழுதார். நான் தொட்டியைப் பார்த்தேன். பெரியது வெள்ளை வயிறு தெரிய ஓரத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் சாமி கும்பிடுகிறவள்தான், ஆனால் தகடு மந்திரமெல்லாம் நம்புகிறவள் இல்லை. இத்தனை நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு டிரம்முக்குள் கையை விடுவதற்குள் இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிட்டுவிட்டேன். எடுத்துவிட்டேன்.

பிறகு நானும் பைசலும் அவர் வீட்டம்மா ரூஹியும் வாளி வாளியாகத் தண்ணீரை மாற்றினோம். போகும்போது ரூஹி என் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனாள். நேற்று சின்னது சாப்பிட்டது. இன்று காலையில் பெரியதும் ஒரே ஒரு இறாலை எடுத்துக்கொண்டது. ஓரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பிழைத்துக்கொள்ளும் என்கிறார் பைசல்.

ஆனால் வியாழக்கிழமை நான் தகட்டை எடுத்தேன். வெள்ளிக்கிழமை நீங்கள் கையெழுத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். அத்தைக்கு இந்த இரண்டும் தெரியாது, தெரிந்தால் என்னை உயிரோடு விடமாட்டார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். தூக்கம் வரவில்லை. கடன் முடிந்துவிட்டது, வீடு நம்முடையது, இன்னும் எதற்காக அங்கே இருக்கிறீர்கள் என்று நான் ஒருநாளும் உங்களைக் கேட்டதில்லை. கேட்டால் சம்பாதிக்கிற ஆளை இழுத்துப் பிடிக்கிறாள் என்பார்கள், அதனால் எல்லாவற்றுக்கும் உங்கள் இஷ்டம், உங்கள் இஷ்டம் என்றே பழகிவிட்டேன்.

அந்தத் தகட்டில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது மாமா. கட்டம் கட்டமாக, படிக்கத் தெரியாத எழுத்தில் ஏதோ இருந்தது. நான் படிக்கத் தெரிகிற எழுத்திலேயே எழுதுகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
பானுப்பிரியா