பூசை நின்ற கோயிலில் நீ ஏற்றிய மெழுகுவர்த்தி

இன்று காலை பழைய கைப்பை ஒன்றைக் கவிழ்த்துத் தட்டினேன். மூடி தொலைந்த தைலம், கசங்கிய டிஷ்யூ, ஒற்றைக் கொண்டை ஊசி, நடுவில் விரல் நீளத்துக்கு உன் மெழுகுவர்த்தியின் பாதி. மூக்கருகே கொண்டுபோனேன். மெழுகு வாசனைதான் வந்திருக்க வேண்டும். எனக்கு வௌவால் எச்ச வாசனை வந்தது. ஐயோ என்று மேசையில் போட்டுவிட்டேன்.

பையைத் தேடியது ஆஸ்பத்திரிக்குப் போகத்தான். என் மார்பில் கட்டி இருக்கிறது. ஊசி குத்திச் சதை எடுத்திருக்கிறார்கள், வியாழக்கிழமை ரிசல்ட். “வரும்போது வீட்டு ஆள் யாரையாவது கூட்டிட்டு வாங்க” என்று நர்ஸ் போனில் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. உன்னைக் கொண்டுபோனதும் இதே நோய்தானேடி. அடுத்து என் முறை என்று அன்று அங்கோரிலேயே முடிவாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

உனக்கு ஞாபகம் இருக்கும். ரிட்டையர் ஆன கையோடு இரண்டு பேரும் கம்போடியா டூரில் பேர் கொடுத்தோம். அங்கோர், ராஜாக்கள் இருந்து ஆண்ட தலைநகரம், இப்போது காடும் கல்லும். ஒரு கோபுரத்தில் சிவன், அடுத்ததில் புத்தர். சிவனுக்குக் கட்டிய இடத்திலேயே பின்னால் புத்தர் வந்து உட்கார்ந்திருக்கிறார். “உங்க சாமியும் அவங்க சாமியும் சண்டை போடாம வீடு மாத்திக்கிறாங்கடி, நம்ம தாமான்ல பக்கத்து வீட்டுக்காரங்க கார் நிறுத்தவே அடிச்சுக்கிறாங்க” என்று சிரித்தாய். தலையில்லாத புத்தருக்குக்கூடக் காவித் துணி சுற்றி, ஊதுபத்தி வைத்து, பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாள். சிவனுக்குத்தான் நாதியில்லை.

மற்றவர்கள் படமெடுக்க முன்னால் போய்விட்டார்கள். வேர் கவ்விய ஒரு சின்னக் கோபுரத்துக்குள் நீ எட்டிப் பார்த்தாய். உள்ளே வௌவால் எச்ச நாற்றம், ஆவுடையார் மட்டும். லிங்கம் இருந்த இடத்தில் ஒரு குழி. எனக்கு வாசல்படியிலேயே கால் நின்றுவிட்டது.

நாம் இருவரும் நியாலாஸ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது நம் ஜனங்கள் கலைந்து போனார்கள், ஆற்றோரத்து முனியாண்டி கோயிலில் பூசை நின்றது. அந்தப் பக்கம் போனால் அம்மா என் காதைத் திருகுவாள். “பூசை நின்ன கோயில்ல வெளக்கேத்திடாதே. ஒருநாள் ஏத்தினா தெனமும் ஏத்தணும். ஏத்தலைன்னா சாமி வீடு தேடி வந்து கேக்கும்.” வேதக்கார வீட்டுப் பிள்ளையானாலும் உனக்கும் இது தெரியும். என்னோடு சேர்ந்து நீயும்தான் அந்த வழியில் கண்ணை மூடிக்கொண்டு ஓடினாய்.

அப்படிப்பட்டவள் அன்று கைப்பையைத் திறந்தாய். பெரிய வெள்ளி ஊர்வலத்தில் பிடித்த மெழுகுவர்த்தியை எடுத்தாய். இடிக்கும் மழைக்கும் ஏற்ற என்று எப்போதும் கூடவே வைத்திருப்பாயே, அது. இரண்டாக உடைத்து ஒரு பாதியை என் கையில் திணித்தாய்.

“நீ இதை வச்சுக்க. வெளிய வர வெளிச்சம் வேணும்ல.”

“வேண்டாம்டி, ஏத்தாதே! நாளைக்கு யாரு வந்து ஏத்துவா?”

“சும்மா இருடி. இருட்டுல தனியா கெடக்காரு, பாவம்.”

உள்ளே போய்ப் பற்றவைத்தாய். கீழே ஊன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாய். உன் முகம் தெரியவில்லை, சுடர் மட்டும் தெரிந்தது. காற்று துளியும் இல்லாத அறை. சுடரோ ஆடியது, நிற்காமல் ஆடியது. உன் பக்கத்தில் யாரோ நின்று மூச்சு விடுகிறார்கள் என்றே நினைத்தேன். வெளியே வந்ததும், “என்னடி வேண்டின?” என்று கேட்டேன். “உங்க சாமிகிட்ட நான் என்ன கேக்கறது? கொஞ்ச நேரம் கூட நின்னேன், அவ்வளவுதான்” என்றாய்.

அந்தத் தீபாவளிக்குள் நீ படுத்துவிட்டாய். நான் போகாத கோயில் இல்லை. மந்திரித்த கயிறு வாங்கி உனக்குத் தெரியாமல் தலையணை உறைக்குள் செருகினேன். கண்டுபிடித்து, “இயேசு பாத்தா என்னடி நினைப்பாரு?” என்று இருமிக்கொண்டே சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. தினமும் ஏற்ற ஆளில்லாமல் அது உன்னைத் தேடி வந்துவிட்டது என்றே நம்பினேன். என் கையிலிருந்த பாதியை எறியவும் பயம், வீட்டில் வைக்கவும் பயம். பையோடு அலமாரி அடியில் தள்ளிவிட்டேன்.

மத்தியானம் உன் மகள் குருபோங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். வியாழக்கிழமை கூட வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? உம்பாய் கடற்கரைக் கடையில் சுட்ட மீன் வாங்கி வந்திருந்தாள். மேசையில் கிடந்த மெழுகுவர்த்தியைப் பார்த்து என்னவென்று கேட்டாள். மனசில் இருந்ததெல்லாம் கொட்டிவிட்டேன். அவள் கை மீனிலேயே நின்றது.

“இல்லலா ஆண்ட்டி. அம்மாவுக்கு டூருக்கு முன்னாலயே தெரியும். டாக்டர் சொல்லி ஒரு வாரத்துல ஃப்ளைட். போகாதீங்கன்னு அழுதேன். கேக்கல. ‘அவகிட்ட மட்டும் சொல்லிடாதே, பயந்து செத்துருவா’ன்னாங்க.”

அடிப்பாவி! விமானத்தில் என் நிலக்கடலையையும் பிடுங்கித் தின்றாயே. அத்தனை படி ஏறினாயே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உன் மேல் வந்த கோபத்தில் அவள் எதிரிலேயே அழுதேன்.

அவள் போன பிறகு அந்தப் பாதியைக் கையில் எடுத்தேன். பற்றவைக்கவில்லை, சும்மா பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான் கண்டேன், திரி ஆடிக்கொண்டிருந்தது. மின்விசிறிகூட ஓடவில்லை. ஆடியது என் கை.

அந்த அறையில் உன் பக்கத்தில் யாரும் இல்லையடி. நீதான் நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறாய், வாசலில் நான் இருந்தும் தனியாக.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மெழுகுவர்த்தியைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துவிட்டேன். டாக்டர் அறைக்குள் போகும்போது அதைப் பிடித்துக்கொள்வேன். கை நடுங்கினால் நடுங்கட்டும். உன் கையும் நடுங்கியது, ஆனாலும் நீ உள்ளே போனாய்.