மனை விளம்பரங்களுக்கு நடுவே ஒரு மெயில்

நவம்பர் 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். மாடியில் காயப்போட்ட துணி மறுபடி ஈரம். இட்லி மாவு புளித்துவிட்டது, தோசை.

பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் மெயில் பார்த்தேன். கூடுவாஞ்சேரியில் மனை, பதிவுச் செலவு இலவசம். ஊரப்பாக்கத்தில் மனை. முடி உதிர்வுக்கு எண்ணெய். வீட்டிலிருந்தே எம்பிஏ. "உங்கள் பார்சல் காத்திருக்கிறது", நான் எதுவும் வாங்கவில்லை. மறுபடி கூடுவாஞ்சேரி. அழிக்க அழிக்க மேலே புதிதாக வந்து விழுகிறது.

சாயங்காலம் டேவிட்டிடம் கேட்டேன். மனை விற்கும் கம்பெனிக்கு என் மெயில் எப்படிக் கிடைத்தது?

"மால் வாசல்ல ஸ்டால் போட்டிருந்தான்ல, அந்தக் கூப்பன்ல மெயில் ஐடி கேட்டான். உன்னோடத எழுதினேன்."

"ஏங்க என்னோடது?"

"எனக்குன்னு ஒண்ணு இருக்கா என்ன? ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே."

பரிசு ஃபிரிட்ஜாம். எங்கள் ஃபிரிட்ஜ் நன்றாகத்தான் ஓடுகிறது. கூப்பன் மட்டுமில்லை, செருப்புக் கடை, மருந்துக் கடை, வண்டி கழுவுமிடம், எங்கே கேட்டாலும் இந்த முகவரியைத்தான் எழுதுகிறார்.

தத்தெடுப்பு அலுவலகத்தில் கொடுத்திருப்பதும் இதேதான். குழந்தையின் விவரம் மெயிலில் வரும், வந்த இரண்டு நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். பதிவு செய்து மூன்று வருடம். காலையும் மாலையும் மெயில் பார்ப்பது பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. நூலகத்தில் கூட்டமும் இல்லை. அட்டை கிழிந்த அகராதிகளை ஒட்டினேன்.

கம்ப்யூட்டர் டீச்சர் நளினி மிஸ் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தார். என் மெயில் பெட்டியைக் காட்டினேன்.

"இந்த மாதிரி மெயில்ல கீழ 'அன்சப்ஸ்க்ரைப்'னு இருக்குமே, அதை அழுத்தினீங்களா?"

"எல்லாத்துலயும் அழுத்தினேன்."

"அச்சச்சோ. தெரிஞ்ச கடைன்னா அழுத்தலாம் எஸ்தர். ஊர் பேர் தெரியாதவன்னா அழுத்தவே கூடாது. இந்த ஐடில ஆள் இருக்குன்னு நீங்களே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும். அப்புறம் பத்து பேருக்கு வித்துடுவான்."

அவர் இன்னொன்றும் காட்டினார். பள்ளியின் இணையதளத்தில், நூலகர் என்ற இடத்தில் என் சொந்த மெயில் முகவரி முழுசாக இருக்கிறது. இப்படிக் கிடப்பதைப் பொறுக்குவதற்கென்றே புரோகிராம் எழுதி வைத்திருக்கிறார்களாம். பிரின்சிபாலிடம் சொன்னேன். "பேரன்ட்ஸ் எப்படி உங்கள காண்டாக்ட் பண்ணுவாங்க?" என்றார். நூலகத்துக்குத் தனி முகவரி போடலாம் என்றேன். யோசிக்கிறாராம்.

ரேஷன் கடை நாளை.

நவம்பர் 7, வெள்ளி

மதியம் வசந்தா மேடம் போன். தத்தெடுப்பு அலுவலகத்தின் சமூகப் பணியாளர். போன வருடம் வீட்டுக்கு வந்து சமையலறை, குளியலறை வரைக்கும் பார்த்துவிட்டுப் போனவர்.

"எஸ்தர், நான் லீவுல இருந்தேன், இன்னிக்குத்தான் பாக்கறேன். உங்களுக்கு அனுப்பின மெயில் திரும்பி வந்திருக்கு. பாக்ஸ் ஃபுல்னு காட்டுது."

"எப்ப அனுப்பினது மேடம்?"

"திங்கக்கிழமை." என்றார். "பதில் வரலன்னா சிஸ்டத்துல தானா அடுத்தவங்களுக்குப் போயிடும்மா. அவன் விவரம் நேத்தே அவங்களுக்குப் போயிடுச்சு."

சரி என்றேன். தேங்க்ஸ் மேடம் என்றும் சொன்னேன் போலிருக்கிறது.

பிறகு பார்த்தேன். பெட்டி முழுக்க மனை வரைபடங்கள், பெரிய பெரிய படங்கள். நிரம்பப் போகிறது என்ற எச்சரிக்கை அதற்குள்ளேயே இருக்கிறது. அதையும் யாரோ ஏமாற்றுகிறான் என்று தாண்டிப் போயிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் நான் அழித்த இடத்தில்தான் மறுபடி மெயில் வர ஆரம்பித்திருக்கிறது. போனுக்குக் குறுஞ்செய்தியும் வரும் என்றார்கள். வரவில்லையா, வந்து விளம்பரங்களோடு சேர்த்து அழித்தேனா, தெரியவில்லை.

அவன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நவம்பர் 8, சனி

டேவிட்டிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைத் தள்ளவில்லை, எழவில்லை. ரசம் சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தார்.

"என்னாலயா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. பள்ளி இணையதளம், நான் அழுத்தின பொத்தான்கள், வசந்தா மேடத்தின் லீவு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான், நான் சொன்னது நாலைந்து.

கேஸ் வந்தது. மிதியடி தோய்த்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

அரை நாள் லீவு. தாம்பரத்தில் ரயில் ஏறி வசந்தா மேடத்தின் அலுவலகம். டேவிட்டும் வந்தார், கார்மென்ட் கம்பெனி ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு.

தவறவிட்டால் வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்களாம். மறுபடி மூன்று வருடம். எனக்கு இப்போது நாற்பத்தொன்று.

"நீங்க வேணாம்னு சொல்லல, மெயிலே போய்ச் சேரல. அதைக் காட்டி உங்க இடத்தைத் திருப்பிக் கேட்டு எழுதறேன். கிடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்," என்றார் வ. மேடம். "முதல்ல வேற ஐடி குடுங்க. யார்கிட்டயும் குடுக்காத ஐடி."

அந்தப் பையனை எடுத்துக்கொண்டவர்கள் யார் என்று டேவிட் கேட்டார். சொல்ல முடியாது என்றார் மேடம். நல்லவர்களா என்று கேட்டார். அதற்கு மட்டும் தலையாட்டினார்.

நவம்பர் 15, சனி

வெயில். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் டேவிட் கூடுவாஞ்சேரிக்கு வண்டியை எடுத்தார். நானும் உட்கார்ந்துகொண்டேன், தனியாகப் போனால் சண்டை போடுவார்.

ஜிஎஸ்டி ரோட்டை விட்டு உள்ளே, கொடி நட்ட காலி நிலம், தகரக் கொட்டகை. உள்ளே ஒரே ஆள். பிளாட் பார்க்க வந்தோம் என்று நினைத்துச் சோடா வரவழைத்தார்.

"எங்க மெயில் ஐடிய உங்க லிஸ்ட்லேர்ந்து எடுக்கணும்," என்றார் டேவிட்.

"இன்னா சார், இதுக்கா வந்துகினு கீறீங்க? மெயில் அனுப்புறது நாங்க இல்ல. வேற ஒருத்தன்கிட்ட காண்ட்ராக்ட் வுட்டுகீறோம்."

"அவன் நம்பர் குடுங்க."

"அவன் எத்தினி பேருக்குக் குடுத்தானோ. அல்லாத்தையும் போய்ப் புடிப்பியா சார்? பேஜார் புடிச்ச வேலை."

டேவிட் சண்டை போடவில்லை. "அதால எங்களுக்கு ஒரு குழந்தை போச்சு," என்றார், மழை வரும் போலிருக்கிறது என்கிற குரலில். அந்த ஆள் என்னைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ. எழுந்து நின்று, "மன்ச்சுக்க சார்," என்றார்.

திரும்பும்போது வண்டலூர் தாண்டியதும் டேவிட்டின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டேன். சட்டை ஈரம், வியர்வை.

நவம்பர் 27, வியாழன்

மூன்று நாளாக மழை. பள்ளி விடுமுறை. முடிச்சூர் பக்கம் தண்ணீராம், எங்கள் தெருவில் கணுக்கால் வரை.

நளினி மிஸ் போனிலேயே சொல்லிக் கொடுத்துப் புது முகவரி திறந்தாகிவிட்டது. பெயரும் பிறந்த வருடமும் சேர்த்து வைக்கவில்லை, யாரும் ஊகித்து எழுத முடியாது. வ. மேடத்துக்கு மட்டும் தெரியும். கடைகளுக்கென்று டேவிட் தனக்கு ஒன்று திறந்துகொண்டார். நேற்று மருந்துக் கடையில் மெயில் கேட்டதற்கு "எதுக்கு?" என்று கேட்டாராம். கேட்ட பெண்ணுக்கே தெரியவில்லையாம்.

புதுப் பெட்டி காலி. காலையும் மாலையும் காலி. இதைத்தான் கேட்டேன். ஆனால் விளம்பரம் வந்தபோது அழிக்கவாவது ஏதோ இருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

வ. மேடம் போன். வரிசையில் பழைய இடம் கிடைத்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் இருந்தார்கள், யாரிடமும் சொல்லவில்லை.

கேக்குக்குத் திராட்சை ஊற வைக்க வேண்டும். ஏற்கெனவே தாமதம்.

டிசம்பர் 20, சனி

பனி. சர்ச் பெண்கள் கேரல் பயிற்சி, போகவில்லை, தொண்டை.

காலை கேக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். போனில் சத்தம். புதுப் பெட்டியில் ஒரு மெயில். ஒரு இணைப்பு, "திறக்க இங்கே அழுத்தவும்."

அழுத்தவில்லை. டேவிட்டைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அனுப்பியவர் முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்தார். நான் அலுவலகம் கொடுத்த பழைய கடிதத்தில் சரிபார்த்தேன். ஒன்றேதான்.

"இருந்தாலும் மேடத்துக்கு ஒரு போன் போட்டுடு," என்றார்.

போட்டேன். வ. மேடம் சிரித்துவிட்டார். "நாங்க அனுப்பினதுதாம்மா. தொறங்க."

மாவுக் கையோடு அழுத்தினேன். ஒரு படம். பெண். ஒன்பது மாதம். ஒரு காலில் காலுறை, இன்னொரு காலில் இல்லை. கேமராவைப் பார்க்காமல் அந்த வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கீழே மருத்துவ விவரங்கள், இரண்டு பக்கம். டேவிட் இரண்டாம் பக்கத்துக்கு வரவே இல்லை.

பதில் நான்தான் தட்டினேன். சம்மதம், இரண்டு பேர் பெயர், அவ்வளவுதான். அனுப்பினேன்.

"போயிடுச்சா? நல்லாப் பாரு, திரும்பி வந்துடப் போவுது."

பார்த்தேன். வரவில்லை.