காய்ச்சக் கூடாத பால்

ஏங்க,

ஃபிரிட்ஜ் மேல்தட்டில், நீல மூடி பாட்டிலில் என் பால் இருக்கிறது. அடுப்பில் வைக்காதீர்கள். நேற்று உங்கள் அம்மா பொங்கப் பொங்கக் காய்ச்சிவிட்டார்கள். வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினாலே போதும்.

இன்று தாய்சேய் நல முதுகலை வகுப்பில் நான்தான் பேச வேண்டும். தலைப்பு: படிக்கும் தாய்க்கு வீட்டார் துணை. சிரிக்காதீர்கள்.

"ஒரு வருஷம் படிப்ப நிறுத்துனா என்ன குடி முழுகிடப் போகுது?" என்று ராத்திரி கேட்டீர்களே. என் குடி முழுகிவிடும்.

பாப்பா அழுதால் போன் போட்டு அந்த அழுகையை என்னைக் கேட்க வைக்காதீர்கள். போன வாரம் அவள் குரல் கேட்டதுமே பால் சுரந்து, வகுப்பில் எல்லார் முன்னாலும் சட்டை நனைந்துவிட்டது.

பி.கு.: ரொம்ப அழுதால் கூப்பிடுங்கள். பாதிப் பேச்சில் விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவேன். அந்தத் தைரியத்தில்தானே ராத்திரி அப்படிக் கேட்டீர்கள்.