இருபத்திரண்டு நிமிடம்

மே 12, செவ்வாய்

கத்திரி வெயில். மாடியில் எடிட்டிங் அறை. பத்து மணிக்கே மவுஸ் வியர்க்கிறது.

அப்பாண்டைராஜ் ஐயா வந்தார். செஞ்சிப் பக்கம் மல்லாட்டை (வேர்க்கடலை) வியாபாரம். மகள் பத்மாவுக்கு வரும் 24-ஆம் தேதி, ஞாயிறு, இங்கே திண்டிவனத்தில் மண்டபத்தில் கல்யாணம். காலை முகூர்த்தத்தை எடுத்து, வெட்டி, ஒட்டி, அன்றைய வரவேற்பிலேயே பெரிய திரையில் இருபது நிமிடப் படமாகப் போட வேண்டும். என் பிழைப்பே அதுதான். ஒப்புக்கொண்டேன். 'வரவேற்பு 7 மணி' என்று நானே குறித்தும் கொண்டேன். பதினோரு வருடப் பழக்கம்.

படியில் இறங்கும்போது சொன்னார்.

"நாலு மணிக்கு ரிசப்ஷன்மா. நாலரைக்குப் படம், அஞ்சுக்குப் பந்தி. ஆறரைக்குச் சூரியன் மறையும், அதுக்குள்ள எங்க சனங்க கை கழுவிடணும்."

"ஏழு மணின்னு நெனச்சுக்கினு இருந்தேன் ஐயா."

"ஏழு மணிக்கு எங்க வூட்ல எறும்புகூட சாப்புடாது."

நயினார் வீடு, அதாவது தமிழ்ச் சமணர்கள் என்று தெரியும். அந்தி சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள் என்றும் தெரியும். இரண்டும் தலையின் வெவ்வேறு அறைகளில் இருந்திருக்கின்றன.

கணக்கு:
– தாலி 9.40. கேமரா கார்டுகள் கைக்கு வர 10.30.
– வெட்டு, ஒட்டு, வண்ணம், இசை: 2.30 வரை.
– அதைக் கணினி ஒரே படமாக வார்த்துக் கொடுக்க, அதாவது ரெண்டரிங்: 2 மணி 10 நிமிடம். ஆக 4.40.
– பென் டிரைவ், மேடை, ஒயர் தேடல்: 10 நிமிடம். ஆக 4.50.

இலை போடும் நேரம். இலையைப் பார்த்தவர் திரையைப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. பந்தி முடிந்தால் ஊர் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். பிறகு போட்டால் சமையல்காரரும் நானும் பார்க்கலாம்.

ஐயா மேலும் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "பத்தாம் நாளு பாப்பா மாப்ள கூட வெளிநாடு போயிடும். சனம் மொத்தமும் கூடிக்கினு அதப் பாக்கறது அந்த ஒரு நாளுதாம்மா." அதைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

மே 13, புதன்

வெயில் நேற்றைப் போல. நேற்றை விட என்று எழுதினால் நாளைக்கு வார்த்தை இருக்காது.

சேவியர் (என் கணவர், பள்ளியில் கணக்கு வாத்தியார், கோடை விடுமுறை, ஆகவே என் தொழில் ஆலோசகர்): "படத்தப் பத்து நிமிஷமா கொறச்சிடேன்."

"எந்தச் சித்தப்பாவ வெட்டறது, நீயே சொல்லு."

ஆலோசகர் தண்ணீர் குடிக்கப் போனார்.

மீதி வழி ஒன்றுதான். கணினியை ஓட்டமாக ஓட வைப்பது. என் பிராசஸர் (கணினியின் மூளை) வேகத்தைக் கூட்டிக்கொள்ள அனுமதியோடு பிறந்த வகை. இரண்டு வருடம் முன்பு கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். இன்று முதல்முறையாக அமைப்புப் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தால் வேகம் என்ற வரி மட்டும் சாம்பல் நிறம். அழுத்தினால் ஒன்றும் ஆவதில்லை. அதைத் தாங்கும் மதர்போர்டு மலிவு வகையாம். கூட்ட விடாதாம். மறுப்பை எழுத்தில் தருவதும் இல்லை, வாயால் சொல்வதும் இல்லை. நல்ல அலுவலகங்களில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

இன்னும் கேவலம்: முழு வேலை கொடுத்தால் முதல் நிமிடம் வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். அதற்குப் பிறகு போர்டு மின்சாரத்தை அளந்து ஊற்றுகிறது. 3.9. இரண்டு வருடமாக இப்படித்தான் ஓடியிருக்கிறது. நானும் "நல்லா ஓடுது" என்று நாலு பேருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன்.

மே 14, வியாழன்

விழுப்புரம். பஸ்ஸில் கணினிப் பெட்டியை மடியில் வைத்து, பழைய நைலக்ஸ் சேலையால் சுற்றி. பக்கத்து அம்மாள் இரண்டு நிறுத்தம் பொறுத்தார். "உள்ள இன்னா, கோழியா?" இல்லை என்றேன். நம்பவில்லை.

பாஷா பாயின் கணினிக் கடை. பெட்டியைத் திறந்தவுடன் சிரித்தார்.

"அக்கா, குதுரய வாங்கிக்கினு வந்து ஆட்டுக் கொட்டாயில கட்டிக்கீற."

"கட்டினது நீங்கதான் பாய்."

அடுத்த திருகாணியைக் கழற்றினார். "அப்ப ஸ்டாக்கு அதான் இருந்திச்சு."

உள்ளேயிருந்து வேறொரு போர்டு. பழையது, ஆனால் வேகத்தைத் திறந்துவிடும் ஜாதி. யாரோ கழற்றிப் போட்டுப் போனதாம். மாட்டினார். சாம்பல் வரி வெள்ளையானது. கை தட்டிவிட்டேன். கடையில் சார்ஜர் வாங்க வந்தவர் பயந்துபோனார்.

பாய் எச்சரிக்கை: "இதுலயும் ஒரு பேஜாரு கீது. கரண்டு பிரிச்சுக் குடுக்கற எடம் இது, பாரு, சூட்ட இழுக்கற தகடே தலைல இல்ல. சூடு ஏறினா அதுவே வேகத்தக் கொறச்சிடும். ஜல்தி ஜல்தின்னு ஏத்தாத."

ஏற்ற மாட்டேன் என்றேன்.

மே 16, சனி

ஏற்றினேன்.

சோதனைக்கு ஐந்து நிமிடத் துண்டு ஒன்று, போன மாதக் காதுகுத்து. பழைய போர்டில் அதை வார்க்க 32½ நிமிடம்.

– 5.1 வேகம்: நீலத் திரை, அதாவது கணினி மயங்கி விழுந்தது. நாற்பது நொடி. காதுகூடக் குத்தவில்லை.
– 5.1, வோல்டேஜ் கூட்டி: மூன்று நிமிடம். நீலத் திரை. சேவியர் சிலுவை போட்டுக்கொண்டார்.
– 5.0: ஓடியது! வீட்டைச் சுற்றி ஒரு நடை. திரும்பி வந்தால் 3.6. கரண்டு பிரிக்கும் இடம் நூற்றைந்து டிகிரி. மொத்தம் 34 நிமிடம்.

அதாவது இரண்டு நாள் உழைப்பு, ஒரு பஸ் பயணம், ஒரு போர்டு. பலன்: ஒன்றரை நிமிடம் தாமதம்.

மே 18, திங்கள்

பாய்க்குப் போன்.

"எவ்ளோல ஓட்ற?"

"அஞ்சு."

"சொன்னனா இல்லியா? நாலு எட்டுக்குக் கீழ வா. வோல்டேஜயும் எறக்கு. பின்னால ஒரு ஃபேன வை, போர்டு மேல அடிக்கற மாரி."

"எறக்கினா எப்டி பாய் வேகமாவும்?"

"எறக்கிப் பாத்துட்டுப் பேசுக்கா."

மேசை விசிறி. பெட்டியின் பக்கக் கதவு கழற்றி. 4.7. வோல்டேஜை அரிசி அரிசியாகக் குறைத்து, விழுந்தால் ஒரு அரிசி ஏற்றி. சாயங்காலம் வரை இதே வேலை. இடையில் கேப்பைக் கூழ் ஒரு சொம்பு.

நாலரை மணிக்கு முடிவு. 4.7, கடைசி வரை 4.7. எண்பத்தாறு டிகிரி. 27 நிமிடம்.

பேராசையைக் குறைத்தால் வேகம் கூடும் என்று எத்தனையோ நீதி நூல்களில் படித்திருக்கிறேன். ஒன்றிலும் வோல்டேஜ் குறிப்பிடப்படவில்லை. அங்கேதான் கோட்டைவிட்டார்கள்.

மே 20, புதன்

முழு ஒத்திகை. பழைய கல்யாணம் ஒன்று, இருபது நிமிடம். வேண்டுமென்றே பகல் ஒரு மணிக்கு ஆரம்பம். தெருவில் நாய்கூட இல்லை. ஒலக்கூர் பஸ் ஒன்று ஆளில்லாமல் போனது.

2.48-க்கு முடிந்தது. நூற்றெட்டு நிமிடம். இருபத்திரண்டு மிச்சம். ஞாயிறன்று 4.18-க்கு வார்த்து முடியும், 4.28-க்கு மேடையில் இருப்பேன்.

ஆடினேன். எனக்கு நாற்பத்து மூன்று வயது. சேவியர் கதவருகே நின்று முழுதும் பார்த்துவிட்டு, "இதயும் எடுத்திருக்கலாம்" என்றார்.

மே 23, சனி

பெட்டியை மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். புதிய பிரச்சினை: மண்டபத்தில் ஏசி உள்ள அறை ஒன்றே ஒன்று. மணமகள் அறை. ஐயாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஒரு மூலைல வச்சுக்கோம்மா. பொண்ணோட பொண்ணா இருந்துட்டுப் போவட்டும்."

பத்மா வந்து பார்த்தாள். எம்.எஸ்சி. படித்த பெண், அதிகம் பேசாதவள். திரையில் ஓடும் எண்ணைக் காட்டி, "இது இன்னா அக்கா?" போர்டின் சூடு, தொண்ணூற்றைந்தைத் தாண்டினால் கஷ்டம் என்றேன். "எனக்கும் அப்டித்தான்" என்றாள்.

மே 24, ஞாயிறு

விடியற்காலை 4.45-க்கு எழுந்தேன். வானம் தெளிவு. சூரியனுக்கு எந்தத் தடங்கலும் இல்லை என்று தெரிந்தது.

தாலி 9.43. மூன்று நிமிடம் போச்சு. கார்டுகள் 10.35. வெட்டினேன். தலை நிமிரவில்லை. யாரோ வாயில் இட்லி ஊட்டினார்கள், யார் என்று தெரியவில்லை. 2.31-க்கு ரெண்டரிங் பொத்தான்.

3 மணி. அலங்காரம் ஆரம்பம். அறைக்குள் பதினாலு பெண்கள், ஏசி கைவிட்டது. திரும்பிப் பார்க்கிறேன், மேசை விசிறி இல்லை. பத்மாவின் அத்தை தூக்கிப்போய் மணப்பெண் முகத்துக்கு நேரே வைத்திருக்கிறார்.

"அத்தை, அது மிஷினுக்குங்க."

"மிஷினுக்குக் காத்து, பொண்ணுக்கு வேர்வையா? நல்லாக்கீதும்மா ஞாயம்!"

92. 95. 99. வேகம் 4.1. மிச்ச நேரம் என்ற எண் இறங்குவதை நிறுத்திவிட்டு ஏறத் தொடங்கியது.

பத்மா எழுந்தாள். பாதி முகம் அலங்காரம், பாதி முகம் பத்மா. மீந்துபோன கல்யாணப் பத்திரிகைக் கட்டில் நாலை எடுத்தாள், பெட்டியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள், போர்டுக்கு விசிற ஆரம்பித்தாள். வளையல் சத்தம்.

"ஏய், ஏந்திர்றி! கல்யாணப் பொண்ணு கம்ப்யூட்டருக்கு விசிறுதுன்னு மாப்ள வூட்ல சிரிப்பாங்க."

"அப்ப ஃபேனக் குடு அத்த."

"உம் மூஞ்சி கரைஞ்சிடும்டி."

"அப்ப வுடு, நான் விசிறிக்கினு இருக்கேன்."

அத்தை விசிறியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், பிறகு பத்திரிகைகளைப் பிடுங்கித் தானே உட்கார்ந்துகொண்டார். "எங்கம்மா அடிக்கணும்? இங்கியா? இந்தக் கறுப்பு மேலியா?"

94. 90. 88. வேகம் 4.7.

ஒரு மணி நேரத்துக்கு மேல் விசிறினார். கை மாற்றி மாற்றி. இடையில் இரண்டு பேருக்கு, "கிட்ட வராத, சூடு ஏறிடும்" என்று அதட்டல். மேடைக்கு அழைக்கும் வரை நாற்காலியில் இருந்தபடி பத்மா எண்ணை வாசித்துக்கொண்டே இருந்தாள். "எம்பத்தேழு அத்த. கொஞ்சம் வேகமா."

4.22. முடிந்தது. ஓடினேன். ஒயர் முதல் தடவையே கிடைத்தது. 4.31-க்குத் திரையில் பத்மா.

கூட்டத்தில் எல்லோரும் தங்களைத் தேடினார்கள், கண்டதும் கத்தினார்கள். ஒரு சித்தப்பா இரண்டு நொடி வந்தார், விசில். நல்லவேளை, வெட்டவில்லை. அப்பாண்டைராஜ் ஐயா முன் வரிசை. தாலி கட்டும் இடத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டதால் அந்தக் காட்சியை அவர் பார்க்கவில்லை.

4.51. படம் முடிந்தது. பந்திக்கு எழுந்தார்கள். ஐயா மட்டும் எழவில்லை.

"இன்னொரு தபா போடும்மா."

"ஐயா, பந்தி... சூரியன்..."

"சூரியன நான் பாத்துக்கறேன். நீ போடு."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு நாள் பாடுபட்டு மிச்சம் பிடித்த நேரம் முழுவதும் அப்படியே போனது. இதைவிட நல்ல செலவு நான் பார்த்ததில்லை. இந்த முறை தாலி கட்டும்போது அவர் துண்டைத் தொடையின் கீழ் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

5.15-க்கு முதல் பந்தி. மூன்றாவது, கடைசிப் பந்தியில் பாயசம் ஓட்டத்தில் வந்தது. எனக்கும் சேவியருக்கும் அதில்தான் இடம். பக்கத்து இலையில் அத்தை. வலது கை தூக்க முடியவில்லை அவருக்கு. ஆனாலும் அதட்டல்:

"இன்னாம்மா மென்னுக்கினே கீற? முழுங்கு, வெளிச்சம் போவுது!"

6.26. கை கழுவியாயிற்று.