அடியில் சுழன்றது

எதையாவது மறைக்கிறாயாம்மா என்று கேட்டாயே, இல்லை, எதையும் மறைக்கவில்லை, அப்பாவும் நானும் சுகம்தான், நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். அங்கே இன்னும் மூன்று வருட வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டுமா, இல்லை திரும்பி வந்துவிடட்டுமா என்று போனில் கேட்டாய். உன் இஷ்டம் என்றேன். சரிம்மா என்று போனை வைத்துவிட்டாய். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

ஆய்வகத்தில் ஒன்று நடந்தது, அதைச் சொன்னால்தான் மற்றது வரும். கண்ணுக்கே தெரியாத உறைகள் செய்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன், உள்ளே புற்றுநோய் மருந்து, சுவரில் இரும்புத் துகள். வெளியிலிருந்து காந்தம் காட்டினால் திறக்க வேண்டும், காட்டாதவரை மூடியே இருக்க வேண்டும். சவ்வுப் பையில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுவோம், மருந்து சிவப்பு, கசிந்தால் தண்ணீரே சொல்லிவிடும். மூன்று வாரமாகக் காந்தம் காட்டாத பீக்கரிலும் தண்ணீர் சிவந்தது. ஆராய்ச்சி செய்கிற பெண், நாங்கள் சோடாபுட்டி என்று கூப்பிடுகிறவள், உறையே சரியில்லை, எல்லாம் முதலிலிருந்து என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். நேற்றுதான் என் கண்ணில் பட்டது. அந்த பீக்கரைத் தினமும் கலக்கும் கருவிமேல் வைப்பவள் நான். கைப்பழக்கம். உள்ளே ஒரு சின்னக் குச்சி சுற்றும், அதைச் சுற்றவைப்பது கருவிக்கு அடியில் சுழலும் காந்தம். காந்தம் இல்லை என்று தாளில் எழுதிவிட்டுக் காந்தத்தின்மேலேயே வைத்திருக்கிறேன். இருபது வருட அனுபவம். போய்ச் சொன்னேன். மூணு வாரமா என்னைச் சுத்தல்ல விட்டுட்டீங்களேக்கா என்றாள், பிறகு என் டப்பாவிலிருந்தே சாப்பிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது உன்னிடம் நான் பேசியவை ஞாபகம் வந்தன. உன் இஷ்டம் என்பேன். அடுத்த வாயில் அப்பாவின் இருமல். உன் அறைக்குப் புதுத் திரை. டெய்லர் மகள் இங்கேயே வேலை தேடிக்கொண்டாளாம். பெரிய பொய் எதுவும் இல்லை. ஆனால் அடியில் ஒரு காந்தம் சுற்றிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. முடிவெடுக்க முடியவில்லை என்று நீ சொன்னபோது, இவளுக்கு உறுதி போதாது என்று அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன். நீ விட்டாத்தானேடி அவ முடிவெடுப்பா என்றார், பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.

அதனால் ஒளிக்காமல் மேஜைமேல் வைத்துச் சொல்கிறேன். நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை. தினமும். துணிக்கொடியில் பாதி சும்மா கிடக்கிறது, பார்க்கிறேன், உள்ளே வந்துவிடுகிறேன். இது என் ஆசை, என்னிடம் இருக்கட்டும். அப்பாவின் இருமல் போன மாதமே நின்றுவிட்டது. கையெழுத்து உன்னுடையது. போட்டாலும் போடாவிட்டாலும் இந்த வீட்டுக்கு உன்னிடம் இருக்கும் அதே சாவிதான்.

நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு, நினைத்தது நடக்கட்டும். கழுத்து வலிக்கு அந்தத் தலையணையை மாற்று, மறந்துவிடாதே.

உன்
அம்மா

பி.கு. கடித உறையை ஒட்டாமல் பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தேன். புது மருந்துப் பை தொங்கவிட்ட பீக்கரை மர மேஜைக்கு மாற்றிக் கண்ணாடிக் குச்சியால் கையாலேயே கலக்கினேன். ஒரு மணி நேரம். தண்ணீர் நிறம் மாறவில்லை. இனி உறையை ஒட்டிவிடுகிறேன்.