அரணைக்கு இரை ஒளித்த காலைகள்

மழை விட்டதும் ரம்புத்தான் மரத்தடியில் சருகு அள்ளிக்கொண்டிருந்தேன். அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் குரல் கேட்டதுபோல் இருந்தது. அரணைப் பெட்டிக்குப் புதுச் சருகு போடும் நாள்களில் கட்டிலில் படுத்தபடியே, "நல்லா உதறிப் போடு, கட்டெறும்பு வந்துடப் போவுது" என்பீர்கள்.

பஸ் ஓட்டிக்கொண்டிருந்த நீங்கள் இடுப்பு முறிந்து படுத்தபின்தான் அந்த அரணை வழிதவறி நம் வீட்டுக்குள் நுழைந்தது. பலகாரக் கடையில் கழித்துப் போட்ட கண்ணாடிப் பெட்டியில் விட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னீர்கள். எனக்கு ஒரே அருவருப்பு. சாமி மேடைக்கு எட்டடி தள்ளித்தான் வைப்பேன் என்றேன். ஒத்துக்கொண்டீர்கள்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டு வாரம் கழித்துப் புரட்டாசி பிறந்தது. வீட்டில் கவுச்சி கூடாதென்று, அரணைக்கு இரையாகப் போட்டுவந்த வெட்டுக்கிளியை நிறுத்தினேன். உள்ளே இருந்த மண்ணையும் சருகையும் வெளியே கொட்டி, பெட்டியைக் கழுவித் துடைத்து, சின்னத் தட்டில் பப்பாளியும் பருப்புச் சோறும் வைத்தேன். பெட்டி பளிச்சென்றுதான் இருந்தது. அரணை மூலையில் ஒட்டிக் கிடந்தது. நாலாம் நாள் கண்கூடத் திறக்கவில்லை.

"பெருமாள் அதுகிட்டயும் விரதம் கேட்டாராடி?"

"சும்மா இருங்க. செத்துடுமோன்னு எனக்கே பயமா இருக்குது."

"அப்ப போய் வெட்டுக்கிளி புடி. பாவம் என் தலையோட போவட்டும்."

பிடித்து வந்தேன். தலைக்குக் குளித்து, பெருமாளிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். தட்டில் வைத்த வெட்டுக்கிளியைத் தின்றுவிட்டு அரணை மறுபடி சுருண்டுகொண்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "படுத்துக் கெடக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும். சோறு மட்டும் போதாது. மண்ணக் கொண்டா. ஒளிச்சு வை, தேடட்டும்."

அன்றிலிருந்து சிரட்டைக்கு அடியில், மரப்பட்டை இடுக்கில், சருகுக்குள் என்று தினமும் இடத்தை மாற்றினேன். வெட்டுக்கிளியின் துள்ளும் கால்களைக் கிள்ளும்போதெல்லாம் நாராயணா என்பேன். அடுத்தடுத்து ஒரே இடம் வந்துவிடாதபடி நோட்டில் குறித்தும் வைத்தேன். அரணை நாக்கை நீட்டி நீட்டி, மண்ணைக் கிளறிக்கொண்டு பெட்டி முழுக்க ஓடும். நீங்களும் அதற்கு முந்திக்கொள்ளத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, "சொல்லாத, சொல்லாத. பட்டைக்குக் கீழ!" என்பீர்கள். பெரும்பாலும் அதுதான் ஜெயிக்கும். "கள்ளாட்டம்! நீ அதுக்குக் கண்ணக் காட்டுற" என்று என்னோடு சண்டை பிடிப்பீர்கள். அந்த அரைமணி நேரம் நீங்கள் நோயாளி இல்லை.

நீங்கள் என்னை விட்டுப் போய்ச் சேர்ந்து ஏழு மாதமாகிறது. தெங்கேராவிலிருந்து என் அண்ணன் நேற்றும் வந்திருந்தார்.

"ஏன் தனியாக் கெடக்குற? அந்த அரணைய வேலியோரம் விட்டுட்டு எங்கூட வா. ஒன் அண்ணி தட்டுல போட்டுக் குடுப்பா, நீ ஒரு வேலையும் செய்ய வேணாம்."

"வரலண்ணே."

"ஒரு அரணைக்காகவா?" என்று சிரித்தார்.

நல்ல மனதோடுதான் கூப்பிடுகிறார். இந்தக் காஜா பெராங் தெரு வீட்டில் நாள் முழுக்கப் பேச ஆளில்லை என்பதும் உண்மை. அவருக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தேன், காரணத்தைச் சொல்லவில்லை.

உங்களிடம் சொல்லலாம். காலையில் இரையை ஒளித்து, மூடியைச் சாத்தியதும் என் தலை தானாகவே கட்டில் பக்கம் திரும்பிவிடுகிறது. நீங்கள் முதலில் இடத்தைச் சொல்வீர்கள் என்று ஒன்றிரண்டு நிமிஷம் காத்திருக்கிறேன். அதற்குள் அரணை கண்டுபிடித்துவிடுகிறது. அண்ணன் வீட்டில் எல்லாம் இருக்கும். அப்படித் திரும்பிப் பார்க்க ஒரு கட்டில் இருக்காது.